கூண்டு ஏறிய நாளில் ஏறாத மெமரி

யார்டு அண்ணாச்சியின் போன் வந்தாலே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. எடுத்த எடுப்பிலேயே, "ஏம்மா, உங்க பெட்டி திரும்பவும் நின்னுட்டு," என்பார்.

துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் லாரி யார்டு ஒன்றுக்கு அவர் பொறுப்பாளர். சரக்கு ஏற்றி வரும் லாரிகள் நேராக உள்ளே போய்விட முடியாது. யார்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். டிரைவர்கள் லாரி நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்குவார்கள், கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள், சீட்டு விளையாடுவார்கள். யார்டின் மூலைக்கு மூலை பெரிய திரை உண்டு. யாருடைய முறை வந்திருக்கிறதோ அந்த டோக்கன் எண்ணும், வாசல் கேமரா எடுத்த அந்த லாரியின் படமும் திரையில் வரும். தன் லாரியின் முகத்தைத் திரையில் பார்த்ததும் டிரைவர் சீட்டுக்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். அந்தத் திரைகளையும், ஒவ்வொரு திரைக் கம்பத்தின் அடியிலும் பூட்டியிருக்கும், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சின்னக் கணினிப் பெட்டியையும் வைத்துக்கொடுத்தது எங்கள் கம்பெனி.

கம்பெனி என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். பழைய வீடு ஒன்றின் மாடி, அவ்வளவுதான். முதலாளி ஊர்க்காரர், சென்னையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தொடங்கியவர். அவரை நாங்கள் சார் என்போம். நிரல் எழுதும் வேலை எனக்கு. நான் உடன்குடிக்காரி. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வேலையில் சேர்ந்தேன். பெட்டிகளைப் பூட்டி, வயர் இழுத்து, கம்பத்தில் ஏறித் திரை மாட்டும் வேலையெல்லாம் புன்னைக்காயலிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுக்கு. என்னைவிடச் சின்னவள். கடற்கரையில் வளர்ந்தவள் என்பதால் உயரம், வெயில், காற்று எதற்கும் மலைக்க மாட்டாள். என்னை அக்கா என்பாள்.

திரைகள் வைத்த முதல் மாதம் ஒரே பாராட்டு. அதற்குப் பிறகு ஆரம்பித்தது தொல்லை. சில நாள் நன்றாக ஓடும். பிறகு படம் மாறுவதற்குத் திணறும். கடைசியில் அப்படியே உறைந்து நிற்கும். பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், மறுபடி சில நாளில் அதே கதை.

உறைந்து நிற்பதில் ஒரு கொடுமை உண்டு. திரை கறுத்துப் போயிருந்தால் எவருக்கும் புரிந்துவிடும். இதுவோ கடைசியாகக் கூப்பிட்ட லாரியின் படத்தையே பிடித்துக்கொண்டு, வெளிச்சமாக, ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். ஒருநாள் ஒரு டிரைவர் அப்படித்தான் ஏமாந்துபோனார். வெளியூர்க்காரர். தன் முறை இன்னும் வரவில்லை என்று திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மற்ற மூலைகளில் இருந்த திரைகளைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர் சுதாரித்து வந்து கேட்பதற்குள் அவர் சரக்கு ஏற வேண்டிய கப்பலுக்குச் சரக்கு எடுப்பதைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள்.

அன்று நாங்கள் யார்டுக்குப் போனபோது அவர் சத்தம்கூடப் போடவில்லை. "டிவியை நம்பித்தானேம்மா உக்காந்திருந்தேன்," என்றார். அதைக் கேட்டுவிட்டு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யார்டு அண்ணாச்சி எங்களைத் தன் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். மேஜைமேல் பழைய மைக் ஒன்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது நேராகல்லன்னா எல்லாத்தையும் கழத்தி எடுத்துட்டுப் போயிருங்க. நான் மைக்கு வச்சே கூப்பிட்டுக்கிடுதேன்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முடிவு செய்துவிட்ட குரல் அது.

பெட்டியின் மெமரி நிரம்பி வழிவதுதான் காரணம் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். எந்த நிரல் எவ்வளவு மெமரி எடுத்திருக்கிறது என்று பார்த்தால், முதலிடத்தில் எப்போதும் ஒரே பேர்தான் நின்றது: கிராபிக்ஸ் சர்வர். திரையில் படம் வரைவதற்கென்றே லினக்ஸில் இருக்கும் நிரல் அது. மற்ற எந்த நிரலும் தானே போய்த் திரையைத் தொடாது. இதனிடம் சொல்லித்தான் வரைய வேண்டும். நாங்கள் எழுதிய டோக்கன் நிரல் மெலிந்து ஒல்லியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இந்த சர்வர் மட்டும் நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போனது.

"நம்ம நிரல்ல ஒண்ணுமில்ல. சர்வர்லதான் ஏதோ கோளாறு," என்றார் சார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கண்ணுக்கு முன்னால் ஊதிப்போய் நிற்பவனை விட்டுவிட்டு வேறு யாரைச் சந்தேகப்படுவது?

முதலில், தினமும் விடிகாலையில் பெட்டி தானாக அணைந்து எழும்படி வைத்தோம். லாரி குறைந்த நாட்களில் அது தாங்கியது. நெரிசலான நாளில் சாயங்காலத்துக்கு முன்பே உறைந்துவிட்டது. அடுத்து, அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, கிராபிக்ஸ் சர்வரின் புதிய பதிப்பைத் தேடிப் போட்டோம். அதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒன்றை மாற்றினால் இன்னொன்று ஒத்துவராது, அதை மாற்றினால் திரையே வராது. எல்லாம் முடிந்து ஓடத் தொடங்கியதும் சார் யார்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "இனி கவலப்படாதீங்க அண்ணாச்சி," என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாரமே நின்றுவிட்டது. அதுவும் துறைமுகத்து அதிகாரிகள் யார்டைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த நேரத்தில், அவர்கள் தலைக்கு மேலேயே.

"கொஞ்சம் மெமரி கூடுன பெட்டியா வாங்கிப் போட்டுருவோம்," என்றார் சார் சோர்ந்துபோய்.

"அது நெறையதுக்கு இன்னும் கொஞ்ச நாள் கூட ஆகும், அவ்வளவுதான் சார். நெறையாம இருக்காது," என்றேன்.

என்னை உறுத்திக்கொண்டிருந்த விஷயம் வேறு. எங்கள் மாடியில் அதே பெட்டி, அதே திரை, அதே நிரல் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. அது ஒருநாளும் உறைந்ததில்லை. சர்வரில் கோளாறு என்றால் இங்கேயும் வரவேண்டுமே? வெயில், உப்புக்காற்று, நிலக்கரித் தூசி என்று புன்னைக்காயல்காரி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். தூசி பட்டு மின்விசிறி நிற்கலாம். மெமரி எப்படி வளரும்? வேறு வழி தெரியாமல், யார்டுப் பெட்டிகளில் மெமரி ஏறுவதைத் தொடர்ந்து குறித்து, கோடாக வரைந்து காட்டும்படி ஒரு சிறு நிரல் எழுதி ஓடவிட்டேன். கோடு ஏறிக்கொண்டே போனது. எதனால் என்பதுதான் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் புயல் வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கிரேன் வேலை நின்றது. படகுகள் கரைக்கு ஏறிவிட்டன. உப்பளங்களில் உப்புக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். யார்டு அண்ணாச்சியிடமிருந்து போன். இந்தத் தடவை, "தண்ணி ஏறுது, உங்க பெட்டிய வந்து மேல தூக்கி வச்சிட்டுப் போங்க," என்றார்.

நானும் புன்னைக்காயல்காரியும் என் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே போனோம். யார்டு குளமாகிக் கிடந்தது. லாரிகள் சக்கரம் முங்கி நின்றன. டிரைவர்கள் கேபினுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். திரைகள் மட்டும் மழைக்குள் எரிந்துகொண்டிருந்தன. கடைசியாகக் கூப்பிட்ட லாரியின் படம் அப்படியே நின்றது. இப்போது அது உறையவில்லை, கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அவள் முழங்கால் தண்ணீரில் நின்று, பெட்டிகளை அணைக்காமலே தூக்கிக் கம்பத்தில் உயரமாக மாட்டினாள். எல்லாம் முடிந்து ஷெட்டுக்குள் வந்து ஈரத்தோடு உட்கார்ந்தோம். அண்ணாச்சி சுக்கு போட்ட கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். பெட்டிகள் தண்ணீரில் சேதமாகாமல் இருக்கின்றனவா என்று பார்க்க மடிக்கணினியைத் திறந்தேன். மெமரிக் கோடுகள் வந்தன.

பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

எல்லாக் கோடுகளும் முந்தின நாள் வரை ஏறியிருந்தன. கூண்டு ஏற்றி, டோக்கன் கூப்பிடுவது நின்ற நேரத்திலிருந்து தரைபோல மட்டமாகக் கிடந்தன. ஒரு பெட்டியில் மட்டுமல்ல, எல்லாப் பெட்டியிலும்.

"ஏளா, இங்கன வா. இதப் பாரு," என்றேன்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே குனிந்து பார்த்தாள். "ஏறவே இல்லையே அக்கா. திரை ஓடிக்கிட்டுத்தானே கெடக்கு?"

"திரை ஓடுது, சர்வர் ஓடுது, நம்ம நிரலும் ஓடுது. ஒண்ணுதான் ஓடல்ல. லாரி."

ஓடும் நேரத்தால் வளரவில்லை, கூப்பிடும் ஒவ்வொரு லாரியாலும் வளர்கிறது. அப்படியானால் எங்கள் மாடியில் ஏன் வளரவில்லை? அங்கேயும் டோக்கன் எண்கள் மாறிக்கொண்டுதானே இருக்கின்றன? இதை நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"நம்ம ஆபீஸ்ல கேமரா ஏது? வெறும் நம்பர்தான வரும். படம் வராதுல்லா?"

அந்த மழைச் சத்தத்திலும் எனக்கு அவள் சொன்னது மணி அடித்ததுபோலக் கேட்டது. படம்! லாரியின் படம்!

இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. எங்கள் நிரல் ஒரு படத்தைக் காட்ட வேண்டுமென்றால், அதை கிராபிக்ஸ் சர்வரிடம் கொடுத்து, இதை வைத்துக்கொள் என்று சொல்லும். சர்வர் வாங்கித் தன் மெமரியில் வைத்துக்கொள்ளும். இனி வேண்டாம் என்று நிரல் சொல்லும்வரை அதைக் கீழே போடாது, போடவும் கூடாது. நிரல் அப்படிச் சொல்ல மறந்துவிட்டால்? படங்கள் சேர்ந்துகொண்டே போகும். நிரல் ஒல்லியாகவே இருக்கும். பாரம் முழுவதும் சர்வர் தலையில். நாங்கள் இத்தனை நாள் சுமை தூக்கியவனைத்தான் திருடன் என்று ஏசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சந்தேகத்தைத் தீர்க்க அங்கேயே ஒரு சோதனை செய்தோம். ஒரு பெட்டியில் சர்வரைத் தொடாமல், எங்கள் டோக்கன் நிரலை மட்டும் நிறுத்தினேன். நிரல் போய்விட்டால் அது கொடுத்து வைத்த படங்களையும் சர்வர் விட்டுவிடும். நிறுத்தியதும் சர்வரின் மெமரி மளமளவென்று இறங்கியது. புன்னைக்காயல்காரி, "சேசுவே!" என்று கத்திவிட்டாள். அண்ணாச்சி பயந்துபோய், "என்னம்மா, ஷாக் அடிச்சிட்டா?" என்று ஓடி வந்தார்.

மறுநாள் மழை வெறித்திருந்தது. காலையிலேயே மாடிக்குப் போய்விட்டேன். எந்த நிரல் சர்வரிடம் எத்தனை படங்களைக் கொடுத்து வைத்திருக்கிறது என்று காட்டுவதற்கு ஒரு சிறு கருவி உண்டு. எங்கள் பெட்டிகளில் தேவையில்லாததை எல்லாம் கழித்துவிட்டிருந்ததால் அது இல்லாமல் போயிருந்தது. அதைக் கொண்டுவந்து போட்டேன். புன்னைக்காயல்காரி யார்டில் சேர்ந்திருந்த பழைய லாரிப் படங்களை எடுத்து, கேமரா அனுப்புவதுபோலவே ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிட ஏற்பாடு செய்தாள். எங்கள் மாடித் திரையில் முதல் முறையாக லாரிகள் ஓடின. உப்பு லாரி, கரி லாரி, கன்டெய்னர், காற்றாலை இறக்கையைச் சுமந்த நீண்ட டிரெய்லர் என்று கண் சிமிட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. பக்கத்தில் கருவி காட்டிய எண்ணிக்கை ஒரு லாரிக்கு ஒன்றாகக் கூடியது. ஒருபோதும் குறையவில்லை. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் மாடித் திரையும் உறைந்து நின்றது. எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். கெட்டுப்போனதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

படம் காட்டும் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தேன். புதுப் படத்தைக் கொடுக்கும் வரி இருந்தது. பழையதை விடச் சொல்லும் வரி இல்லை. கம்பெனி தொடங்கிய புதிதில், நான் சேர்வதற்கு முன்னால், சார் தன் கையால் எழுதிய பகுதி அது.

அவர் உள்ளே வந்தபோது எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "சார், கோளாறு சர்வர்ல இல்ல."

அவர் குனிந்து படித்தார். திரும்பவும் படித்தார். "இது நான் எழுதுனதுல்லா?" என்றார் மெதுவாக.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவாரோ என்று பயந்தேன். திடீரென்று தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "ஒரு பாவமும் அறியாத சர்வரப் போட்டு அந்த ஏச்சு ஏசிருக்கேன்! நீயே எழுதும்மா அந்த வரிய. கண்டுபிடிச்சவ கையால எழுதுனாத்தான் நல்லாருக்கும்."

எழுதினேன். புதுப் படம் வந்ததும் பழையதை விட்டுவிடு. அவ்வளவுதான். லாரிகளை மறுபடி ஓடவிட்டோம். மூன்று பேரும் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு ஏறியது. இன்னும் ஏறியது. சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பிறகு, வழக்கமான தேவைக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொண்டது போல, கோடு சாய்ந்து படுத்துவிட்டது. லாரிகள் ஓடின, ஓடின, மதியச் சாப்பாடு முடிந்து வந்தும் ஓடின. ஒரு மாதத்துக்கு யார்டு கூப்பிடும் லாரிகள் எல்லாம் எங்கள் மாடியில் ஓடி முடிந்தன. கோடு அசையவில்லை. புன்னைக்காயல்காரி என் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

கூண்டு இறக்கிய அன்று காலை திருத்திய நிரலோடு யார்டுக்குப் போனோம். புயலுக்காகத் தேங்கி நின்ற லாரிகளின் வரிசை பைபாஸ் வரை நீண்டு கிடந்தது. ஹாரன் சத்தத்தில் பேசினால் கேட்கவில்லை.

"இன்னைக்கா மாத்தணும்ங்கீங்க?" என்றார் அண்ணாச்சி. "வெளிய நிக்கித லாரியப் பாத்தியாம்மா? ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி மாத்தணும். இவ்வளவு லாரி கூப்பிட்டா பழசு மத்தியானம் தாண்டாது. நான் சொல்லுததை நம்புங்க."

"போன தடவையும் நம்புனேன்."

"போன தடவை என்ன கோளாறுன்னு எங்களுக்கே தெரியாது. இப்போ தெரியும்."

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து வாயருகே வைத்து ஒரு தட்டுத் தட்டிச் சோதித்துவிட்டு, மேஜையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். "சரி, மாத்துங்க," என்றார்.

மாற்றினோம். வாசல் திறந்தது. எண்கள் ஓடத் தொடங்கின. நான் அவ்வளவு வேகமாக டோக்கன் கூப்பிட்டு அதுவரை பார்த்ததில்லை. சேறு அப்பிய லாரிகள் திரையில் வந்தன, டிரைவர்கள் தண்ணீரைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள், அடுத்த லாரி வந்தது. பழைய நிரல் திணறத் தொடங்கும் நேரம் வந்தது, போனது. அண்ணாச்சி ஷெட்டு வாசலில் நின்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் தாழ்ந்தபோது வரிசையின் வால் யார்டுக்குள் வந்துவிட்டது. திரைகள் காலையில் எந்த வேகத்தில் மாறினவோ அதே வேகத்தில் மாறிக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி உள்ளே போய் மைக்கின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். "ரெண்டாவது யார்டு ஒண்ணு எடுக்கப்போறோம். அங்கனயும் நீங்களே வந்து வச்சிருங்க," என்றார். எங்களிடம்தான் சொன்னார், ஆனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

கிறிஸ்மஸ் கழிந்து ஒருநாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள், யார்டுக்குள் வண்டியை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெட்டிகளை அணைத்துப் போட்டே வாரக்கணக்கில் ஆகியிருந்தது. பக்கத்தில் லாரி நிழலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"என்னக்கா, யாரையும் தேடுதீங்களா?"

"இல்ல. திரை ஓடுதான்னு பாக்கேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அது ஓடத்தானே செய்யும்," என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீடு போய்ச் சேரும் வரை ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டே போனேன்.